எரிந்த கற்களால் எழும்பிய ஆலயம்



தனியாகப் பயணம் செய்கிறவருக்கு ஒரு சிலாக்கியம் உண்டு. அவரை அவசரப்படுத்த எவரும் இல்லை. ஒரு சுவரின் முன் அரைமணி நேரம் நிற்க விரும்பினால் அவர் நிற்கலாம். உங்களில் சிலர் வேலையின் பொருட்டோ பிள்ளைகளைக் காணவோ ஜெர்மனிக்குச் செல்கிறீர்கள். ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் டிரெஸ்டன் நகருக்குத் தனியே சென்று, நொய்மார்க்ட் சதுக்கத்திலுள்ள ஃபிராவன்கிர்ஹெ ஆலயத்தின் முன் நின்று பாருங்கள். மரியாளின் பெயரால் அழைக்கப்பட்டாலும் அது லூத்தரன் ஆலயம்.

முதலில் உங்கள் கண்ணில் படுவது அதன் நிறம். வெளிர்மஞ்சள் நிறச் சுவர்களில் ஆங்காங்கே கரிய கற்கள் பதிந்திருக்கும். எதற்காக இந்தத் திட்டுகள் என்று நீங்கள் வியக்கலாம். அந்த ஆலயத்தின் வரலாறு முழுவதும் அந்தக் கற்களில் இருக்கிறது.

கியோர்க் பேர் என்னும் சிற்பி வரைந்த திட்டத்தின்படி 1726-ல் தொடங்கிய கட்டுமானம் 1743-ல் நிறைவுற்றது. அதைக் காணாமலே அவர் 1738-ல் மரித்துப்போனார். கல்லால் ஆன அதன் மாபெரும் கும்மட்டம் இருநூறு ஆண்டுகள் நகரின் அடையாளமாய் விளங்கியது. 1736-ல் செபாஸ்டியன் பாக் அங்கே ஆர்கன் வாசித்தார்.

1945 பிப்ரவரி 13 இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் அந்நகரின்மேல் குண்டுகளைப் பொழிந்தன. அமெரிக்க விமானங்கள் மறுநாள் தொடர்ந்தன. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். ஆலயம் உடனே விழவில்லை. தீயின் வெப்பத்தில் தூண்கள் வலுவிழக்க, 15-ம் தேதி காலையில் கும்மட்டம் இடிந்து விழுந்தது.

இங்கே நாம் ஒரு கணம் நிற்கவேண்டும். கதையை 1945-ல் தொடங்கினால் டிரெஸ்டன் வெறும் பலியாள் மட்டுமே. சதுக்கத்திலிருந்து எல்பே நதியோரமாகச் சற்றுத் தூரம் நடந்தால் யூதரின் ஜெப ஆலயம் இருக்கிறது. அவ்விடத்தில் 1840 முதல் நின்ற பழைய ஜெப ஆலயம், 1938 நவம்பர் 9 இரவு நாசிகளால் எரிக்கப்பட்டது. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்தை எரித்தன. தன் ஆலயத்துக்காக அழும் நகரம், அயலானின் ஆலயம் எரிந்ததையும் நினைவுகூர வேண்டியிருந்தது.

கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த இடிபாடு குவியலாகவே கிடந்தது. 1982 பிப்ரவரி 13 அன்று இளைஞர் பலர் சமாதானத்தை வேண்டி மெழுகுவர்த்திகளுடன் அங்கே கூடினர். பெர்லின் சுவர் வீழ்ந்தபின், 1990-ல் நகர மக்கள் சிலர் உலகுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தனர். 1993-ல் கற்குவியலைப் பிரித்து, கல் கல்லாக அளந்து, எண்ணிட்டு அடுக்கினர். பயன்படக்கூடிய பழைய கற்களில் பலவற்றை அவை முன்பு இருந்த இடத்திலேயே வைத்தனர். அந்தக் கரிய கற்கள் இவைதாம். 2005 அக்டோபர் 30 அன்று ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

கும்மட்டத்தின் உச்சியிலுள்ள பொற்சிலுவை பிரிட்டன் மக்களின் காணிக்கை. அதைச் செய்வதில் உழைத்த லண்டன் பொற்கொல்லரின் தந்தை, 1945-ல் டிரெஸ்டன்மீது குண்டுவீசச் சென்ற விமானிகளுள் ஒருவர். தந்தையின் செயலை மகனால் திருப்பி எடுக்க இயலாது. தன் கைகளால் செய்யக்கூடியதை அவர் செய்தார். இடிபாட்டில் அகப்பட்ட பழைய சிலுவை, வளைந்து கருகிய கோலத்திலேயே ஆலயத்தினுள் நிற்கிறது. கவென்ட்ரியிலிருந்து வந்த ஆணிச் சிலுவையும் அங்கே உண்டு.

எரிந்துபோன கற்குவியல் மறுபடி மதிலாகுமோ என்று சன்பல்லாத்து நெகேமியாவின் காலத்தில் பரிகசித்தான். அந்தக் கேள்வி இன்று நம் வீடுகளிலும் கேட்கிறது. நிலத்தகராறால் பத்தாண்டுகளாகப் பேசாத சகோதரர் நம் சபையிலும் ஒரே ஆராதனையில் வெவ்வேறு வரிசையில் அமர்கிறார்கள். ஒப்புரவாக விரும்பும் சிலர், நடந்ததை ஒன்றுமில்லை என்று பூசி மறைக்கப் பார்க்கிறார்கள். வேறு சிலர் தமக்கு நேர்ந்ததை மட்டும் எண்ணிக்கொண்டு, தாம் செய்ததை மறந்துவிடுகிறார்கள். டிரெஸ்டன் சுவரோ கரிய கல்லை மறைக்கவில்லை. புதிய கல்லுக்கு அருகே அதற்கும் இடம் கொடுத்து, இரண்டையும் ஒரே பாரத்தைத் தாங்கச் செய்கிறது.

இந்த வாரம் II கொரிந்தியர் 5-ம் அதிகாரத்தைத் தனியே அமர்ந்து வாசியுங்கள். உங்கள் கதையை எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். அதற்கு முந்திய ஆண்டில் நீங்கள் எரித்தது ஏதேனும் உண்டோ? உண்டென்றால், அவருடைய வீட்டு வாசலுக்கு நீங்களே முதலில் செல்லுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.