ராமச்சந்திரன் ஆய்வுக் குழுவும் புரத வரைபடமும்

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் ஆகிய துறைகள் ஒன்றுகூடும் இடமாகக் கணினி உயிரியல் இன்று விளங்குகிறது. அப்பெயர் பரவுவதற்கு முன்பே அத்தகைய பணியைச் செய்த குழு ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஜி. என். ராமச்சந்திரன் தலைமையிலான அக்குழு 1963இல் வெளியிட்ட வரைபடம், புரத அமைப்புகளைச் சரிபார்க்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அக்குழுவின் முந்தைய ஆய்வுக்கு எழுந்த ஒரு மறுப்பே அந்த வரைபடத்துக்கு வித்திட்டது.

தொடக்கம்

ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. ராமனிடமும், பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் அழைப்பை ஏற்று 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அக்காலத்தில் சென்னைக்கு வந்த பிரிட்டன் அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் குறிப்பிட்டார்.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலிமை தருவது கொலாஜன். அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகக் கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. அதன் எக்ஸ் கதிர்ப் படங்களை ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்தனர். கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். அம்மூன்றும் கயிற்றுப் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றியுள்ளன என்று 1955இல் திருத்தினர். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருப்பதால்தான் இழைகள் இவ்வளவு நெருங்க முடிகிறது.

எழுந்த மறுப்பு

அதே ஆண்டில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் தங்கள் மாதிரியை வெளியிட்டனர். மூவிழை அமைப்பு அவர்களுக்கும் உடன்பாடே. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகவும், மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் பொருந்தா என்றும் கூறினர். நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. இழைகளின் அடிப்படை அமைப்பைப் பொறுத்தவரை சென்னைக் குழு கூறியது நிலைத்தது.

மறுப்பிலிருந்து ஒரு கேள்வி பிறந்தது: இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன், வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் ஆகியோர், ஏற்கெனவே அறியப்பட்ட படிக அமைப்புகளில் அணுக்களுக்கு இடையிலான தொலைவுகளைத் தொகுத்தனர். ஒவ்வொரு வகை அணு இணைக்கும் இயல்பான எல்லை ஒன்றும், அதனினும் நெருங்கிய கடைசி எல்லை ஒன்றும் வகுத்தனர்.

வரைபடம்

புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்தின் இருபுறமும் திரும்பக்கூடிய பிணைப்பு ஒன்று உண்டு. அவற்றின் திருப்பக் கோணங்கள் ஃபை, சை எனப்படும். இக்கோணங்களை மாற்றி மாற்றி, அணுக்கள் மோதுகின்றனவா என்று குழுவினர் கணக்கிட்டனர். பெரிய கணினி வசதி இல்லாத நிலையில், மேசைக் கணக்கிடும் கருவிகளைக் கொண்டே இவ்வேலை நடந்தது.

முடிவு வியப்பளித்தது. பெரும்பாலான கோண இணைகளில் அணுக்கள் மோதின. வரைபடத்தின் சிறு பகுதிகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டவையாக எஞ்சின. ஆல்ஃபா சுருளும் பீட்டா இழையும் அப்பகுதிகளுக்குள்ளேயே அமைந்தன. பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு மட்டும் இடம் அதிகம். அந்நாளில் முழுமையான அமைப்பு அறியப்பட்டிருந்த புரதங்கள் மிகச் சிலவே. பின்னர் கண்டறியப்பட்ட ஆயிரக்கணக்கான புரதங்களும் இவ்வரைபடத்துக்குப் பெரிதும் உடன்பட்டன.

பின்விளைவு

ராமச்சந்திரன் பின்னர் பெங்களூருக்குத் திரும்பி, 1971இல் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகளும், செயற்கை நுண்ணறிவு கணித்துத் தரும் அமைப்புகளும் இன்று இந்த வரைபடத்தைக் கொண்டு சோதிக்கப்படுகின்றன. பிறர் சுட்டிய குறையை அளந்து பார்க்க முனைந்த ஒரு குழுவின் உழைப்பு, அக்குறையைக் காட்டிலும் நெடுங்காலம் நிலைத்துள்ளது.