குழந்தைகள் எண்ணிய குருவிகள்

1979 ஜனவரி பிரிட்டனுக்குப் பொல்லாத மாதம். சாலையெல்லாம் பனி. லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். லண்டன் தெருக்களில் அள்ள ஆளில்லாமல் குப்பை மூட்டைகள் குவிந்தன. லிவர்பூலில் பிணம் புதைக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை. ஆனால் பெட்ஃபோர்ட்ஷயரில் சாண்டி என்ற சிற்றூரிலிருந்த ஓர் அலுவலகத்தை அரித்துக்கொண்டிருந்த கவலை வேறு: குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

ஆர்.எஸ்.பி.பி. எனப்படும் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் அலுவலகம் அது. தொப்பியில் இறகு சூடும் மோகத்துக்காகப் பறவைகள் கொன்று குவிக்கப்பட்டதைப் பொறுக்காத பெண்கள் 1889-ல் தொடங்கிய இயக்கம். அதன் சிறுவர் பிரிவு யங் ஆர்னிதாலஜிஸ்ட்ஸ் கிளப். அதைக் கவனித்துவந்தவர் பீட்டர் ஹோல்டன். பனிக்காலத்தில் பிள்ளைகளைக் காடுமேடு கூட்டிப்போக முடியாது. ஆனால் அதே பனிக்காலத்தில்தான் வயல்வெளிகளில் இரை அற்றுப்போய், பறவைகள் வீட்டுத் தோட்டங்களைத் தேடி வரும். ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் பிள்ளைகள் எண்ணினால் என்ன? யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஒரு சிக்கல் மட்டும் குறுக்கே நின்றது.

வந்த குருவியே திரும்ப வந்தால்? சிட்டுக்குருவி ஓரிடத்தில் நிற்கிற ஜாதியா? வேலிக்கும் தீனித் தட்டுக்கும் இடையே பத்துத் தடவை பறக்கும் ஒரே குருவி, ஏட்டில் பத்துக் குருவியாக ஏறிவிடும். இதற்குக் கிடைத்த விடை மிக எளிமையானது. ஒரு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை வந்தன என்று கூட்டக் கூடாது. ஒரே நேரத்தில் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டவற்றில் அதிகபட்சம் எத்தனையோ, அதை மட்டும் எழுத வேண்டும். முதலில் மூன்று, கொஞ்ச நேரம் கழித்து ஐந்து, கடைசியில் இரண்டு என்றால் கணக்கு ஐந்துதான். எட்டு வயதுப் பிள்ளையும் பிசகாமல் பின்பற்றக்கூடிய விதி. ஆனால் இதை ஊருக்கெல்லாம் சொல்ல ஆள் வேண்டுமே!

அங்கேதான் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. பிபிசி தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சியான ‘புளூ பீட்டர்’ இந்த யோசனைக்கு இடம் கொடுத்தது. அன்று பிரிட்டனில் இருந்தவையே மூன்று சேனல்கள்; லட்சக்கணக்கான பிள்ளைகள் பார்த்த நிகழ்ச்சி அது. அதன் ஆசிரியர் பிடி பாக்ஸ்டர் சிறுமியாக இருந்தபோது எழுத்தாளர் எனிட் பிளைட்டனுக்குக் கடிதம் எழுதி, அருமையான பதில் பெற்றவர். குதூகலத்தில் மறுபடியும் எழுதினார். முதலில் வந்த அதே பதில், எழுத்து மாறாமல் மீண்டும் வந்து சேர்ந்தது. அந்த ஏமாற்றத்தை அவர் மறக்கவேயில்லை. தன் நிகழ்ச்சிக்கு எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அட்டை வைத்து, முன்பு எழுதியவரா என்று பார்த்தே பதில் போடச் செய்தார். எழுதினால் மதிப்பார்கள் என்ற நம்பிக்கை பிள்ளைகளிடம் அப்படி வேரூன்றியிருந்தது. அந்த நம்பிக்கை என்ன செய்யும் என்று சாண்டியில் இருந்தவர்கள் கணிக்கவில்லை.

அவர்கள் எதிர்பார்த்தது சில நூறு பதில்கள். தபால் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பிரித்து எண்ணியபோது 34,000 படிவங்கள்! ஒரு தோட்டத்துக்குச் சராசரியாக 15 ஸ்டார்லிங் (நம் மைனாவின் உறவு), 10 சிட்டுக்குருவி. முதலிடமும் இரண்டாமிடமும் அவற்றுக்குத்தான். ஊரெல்லாம் மலிந்து கிடந்த பறவைகள் என்பதால் யாருக்கும் வியப்பில்லை. பிள்ளைகளின் உற்சாகத்துக்காக அடுத்த ஆண்டும் நடத்தினார்கள்; அதற்கடுத்த ஆண்டும். அதே ஜனவரி, அதே ஒரு மணி நேரம், அதே விதி. வருடங்கள் அடுக்கடுக்காகச் சேரச் சேர, அந்தப் பிள்ளை விளையாட்டுக்குள் வேறொன்று தெரியத் தொடங்கியது.

எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அரிய பறவை காணாமல் போனால் நிபுணர்கள் பதறுவார்கள். சிட்டுக்குருவி குறைந்தால் யார் கவனிப்பது? பிள்ளைகள் கவனித்திருந்தார்கள், ஏனென்றால் அவர்கள் எண்ணியதே வாசலுக்கு வரும் சாதாரணப் பறவைகளைத்தான். இந்தக் கணக்கின் பெருமையே அதுதான் என்பேன். மற்ற ஆய்வுகளும் அதையே சொல்லின. 2000-ல் ‘தி இண்டிபெண்டன்ட்’ நாளிதழ், நகரங்களில் குருவி மறைவதற்கான காரணத்தை அறிவியல்பூர்வமாகச் சொல்பவருக்கு 5,000 பவுண்டு பரிசு அறிவித்தது. பின்னர் லெஸ்டர் நகரில் நடந்த ஆய்வில் ஒரு துப்புக் கிடைத்தது: ஊட்டப் பூச்சி போதாமல் கூட்டிலேயே குஞ்சுகள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தன.

2001-ல் பெரியவர்களையும் எண்ண அழைத்தார்கள். 2002-ல் சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும், மிகுந்த கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் ஏறின. 2009-ல் கணக்குக்கு முப்பது வயதானபோது, 15 ஆக இருந்த ஸ்டார்லிங் சராசரி 3-க்கு வந்திருந்தது. அடைபட்ட பிள்ளைகளுக்காகப் பிறந்த விளையாட்டுக்கு, கொரோனா எல்லோரையும் வீட்டில் அடைத்த 2021-ல், பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள்.

ஜனவரிக் கடைசி வாரம் வந்தால் பிரிட்டனே ஜன்னலோரம் உட்காரும் ‘பிக் கார்டன் பேர்ட்வாட்ச்’ பிறந்த கதை இது. அந்தப் பட்டியலில் பல ஆண்டுகளாகச் சிட்டுக்குருவிக்குத்தான் முதலிடம். 1979-ல் தோட்டத்துக்குப் பத்தாக வந்தபோது அதற்குக் கிடைத்தது இரண்டாமிடம். அதில் பாதிகூட இல்லாத நிலையில் முதலிடம் கிடைத்திருக்கிறது, முன்னால் இருந்த ஸ்டார்லிங் அதைவிட வேகமாகச் சரிந்துவிட்டதால்.