குறைந்த வோல்ட், குறையாத ஆபத்து

திருநெல்வேலி வண்ணார்பேட்டை எலெக்ட்ரிக்கல் கடைகளில் கொசு பேட்டும் செல்போன் சார்ஜரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இரண்டும் 230 வோல்ட்டை வாங்கிச் சில வோல்ட்டாகக் குறைப்பவை. குறைக்கும் வழிதான் வேறு.

மலிவான கொசு பேட்டின் சார்ஜ் ஏற்றும் பகுதியில் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. கரண்ட் வரும் வழியில் ஒரு கண்டன்சர், அடுத்து நான்கு டையோடு, அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை 1 மைக்ரோஃபேரட் கண்டன்சர் சுமார் 3,180 ஓம் அளவுக்குத் தடுக்கும். ஆக, 70 மில்லி ஆம்பியருக்குச் சற்றே கூடுதலாகத்தான் போகும். இதே வேலைக்கு ரெசிஸ்டர் போட்டால் 16 வாட் வெறும் சூடாய்ப் போயிருக்கும்; கண்டன்சர் அப்படிச் சுடுவதில்லை.

செல்போனுக்கு இது போதாது. 1 ஆம்பியர் எடுக்க 14 மைக்ரோஃபேரட் வேண்டும். அவ்வளவு பெரிய கண்டன்சர் சார்ஜருக்குள் அடங்காது. அதனால் மட்டமான சார்ஜரிலும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. வரும் கரண்டைச் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அதற்குள் அனுப்புகிறார்கள். வெட்டும் வேகம் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர் சிறுக்கும். பழைய ரேடியோ அடாப்டர் கனத்ததற்குக் காரணம், 50 ஹெர்ட்ஸிலேயே இயங்க நிறைய இரும்பும் செம்பும் தேவைப்பட்டதுதான்.

பாதுகாப்புக்கு வருவோம். டிரான்ஸ்ஃபார்மரின் இரு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்தப்புலம் மட்டுமே அவற்றை இணைக்கிறது. கண்டன்சர் வகையில் இந்தப் பிரிவு இல்லை. வெளிவரும் இரு ஒயர்களுக்கு நடுவே மீட்டர் 5 வோல்ட் காட்டலாம்; அதில் ஒன்றைத் தொட்டபடி தரையில் நிற்பவருக்கு அது 230 வோல்ட்டாகவே இருக்கக்கூடும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் கண்டன்சர் நியூட்ரல் பக்கம் போய்விடும். அப்போது பேஸைத் தடுக்க எதுவுமில்லை. சார்ஜில் இருக்கும் பேட்டின் கம்பிவலையைத் தொடக் கூடாது என்பது இதனால்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் உண்டு என்பதாலேயே சார்ஜரை நம்பிவிடவும் முடியாது. 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். மலிவுச் சரக்கில் முதலில் சுருங்குவது அந்த இடைவெளிதான். 2012-ஆம் ஆண்டு ஆணை வந்தது முதலே கம்ப்யூட்டர் வகைக் கருவிகளுக்கான அடாப்டர்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற வேண்டும். லேபிளில் ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து வாங்கலாம். 2023 டிசம்பரில் இங்கே வந்த வெள்ளம் போல ஆற்றுநீர் வீட்டுக்குள் வந்தால் நல்ல சார்ஜரும் கெடும். காய்ந்த பிறகும் அந்த இடைவெளியில் வண்டல் தங்கி, ஈரம் பட்டதும் கரண்டைக் கடத்தும்.

ஆனாலும் கண்டன்சர் வகையையே தவறென்று தள்ள வேண்டியதில்லை. முழுக்க மூடிய நைட் லாம்புக்குள் அது சிக்கனமான, சரியான ஏற்பாடு. 275 வோல்ட் ஏசிக்கென்றே செய்த ‘எக்ஸ்2’ கண்டன்சர் உள்ளே இருக்க வேண்டும், கூடு உடையாமல் இருக்க வேண்டும். கையில் படும்படி ஒயரோ பின்னோ வெளியே வரும் சாமானுக்கு மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஆகாது.