மகாயுத்தமும் ஆவியுலக வேட்கையும்

நம் குலத்துத் தாய்மார் சிலர் குறிகேட்கச் செல்வதைக் கண்டு, கற்ற இளைஞர் எள்ளி நகையாடுகின்றனர். கல்லாமையே இதற்குக் காரணமென்பது அவர் துணிபு. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த ஐரோப்பிய மகாயுத்தகாலத்து இங்கிலாந்தின் வரலாறு அத்துணிபுக்கு மாறாக உள்ளது.

இறந்தாரோடு பேசலாமென்னும் கொள்கை அங்கே யுத்தத்திற்கு முன்னரே பரவியிருந்தது. 1848-இல் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில் பாக்ஸ் குடும்பத்துச் சகோதரியர் இருவர், ஆவிகள் தட்டொலியால் விடை பகர்கின்றன என்றனர். அவருள் மூத்தவரான மார்கரெட், தம் கால்விரல் மூட்டுக்களால் எழுப்பிய ஒலியே அஃதென்று 1888-இல் பலரறிய ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அதனையும் மறுத்தார். இத்துணை வெளிப்பட்ட பின்னரும் அக்கொள்கை மகாயுத்தத்தில் முன்னினும் தழைத்தது. ஏன்?

களத்தில் மாண்டாரின் உடலைத் தாய்நாட்டிற்குக் கொணர்தல் 1915-இல் தடுக்கப்பட்டது. பலர்க்குக் கல்லறைதானும் இல்லை. பெல்ஜிய நாட்டு ஈப்ர நகரில் 1927-இல் திறக்கப்பெற்ற மெனின் வாயிலில், அடக்கவிடம் அறியப்படாத 54,000-க்கு மேற்பட்ட வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவருள் இந்தியரும் உளர். நம் நாட்டில், உடல் கிடையாதார்க்குத் தருப்பையால் உருச்செய்து எரியிட்டுக் கடன்கழிக்கும் வழக்கு உண்டு. அதன் அருமையை யான் இளமையில் உணர்ந்திலேன். ஆங்கிலத் திருச்சபையோ இறந்தார்பொருட்டு வேண்டுதல் செய்வதையே நெடுங்காலம் ஒதுக்கியிருந்தது. மகன் முகத்தை இறுதியாகக் காணாத தாய், கோயிலிலும் ஆறுதல் பெறாளாயின், வேறு யாண்டுச் செல்வாள்?

கற்றாரும் அவ்வழியே சென்றனர். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத் தலைவரும் மின்னலை ஆராய்ச்சியிற் புகழ்பெற்றவருமான சர் ஆலிவர் லாட்ஜ் முன்னரே இத்துறையில் ஈடுபாடுடையவர். அவர் மகன் ரேமண்ட் 1915 செப்டம்பரில் ஈப்ர அருகே மாண்டான். ஆவியை அழைப்பார்வாயிலாக அவன் பேசியனவென்று தாம் நம்பியவற்றை 1916-இல் 'ரேமண்ட்' என்னும் நூலாக வெளியிட்டார். அந்நூல் பன்முறை அச்சேறியது. துப்பறியுங் கதைகளால் உலகறிந்த கானன் டாயிலும் அவ்வாண்டிலேயே இக்கொள்கையை வெளிப்படையாக மேற்கொண்டார்.

1922-இல் டாயிலின் மனைவியார், செப்பிடுவித்தைக்காரரான ஹூடினியின் காலஞ்சென்ற அன்னை எழுதியதென்று ஒரு நீண்ட கடிதம் வரைந்தளித்தார். தலைப்பில் சிலுவைக்குறி; மொழி ஆங்கிலம். அவ்வன்னையோ யூத குருவின் மனைவி, ஆங்கிலம் எழுதவறியார். ஹூடினி உள்ளம் நொந்தார்; நட்பு முறிந்தது. அதன்பின் அவர் ஆவியழைப்பாரின் சூதுகளை ஊரூராக வெளிப்படுத்தினார். 1926-இல் அவர் இறந்தபின், அவர் மனைவியார் ஆண்டுதோறும் கணவரின் ஆவியை அழைத்துப் பார்த்தார். பத்தாண்டு காத்திருந்தும் விடை வாராமையால், 1936-இல் அம்முயற்சியைக் கைவிட்டார்.