புள்ளிக்குக் கொடுத்த விலை

1808-இல் பல ஆயிரம் ஸ்பானியப் படைவீரர்கள் டென்மார்க்கில் முகாமிட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகனைக் குண்டுவீசிக் கொளுத்தியிருந்தது. அதனால் டென்மார்க் நெப்போலியன் பக்கம் சாய்ந்தது. அதற்குத் துணையாக நெப்போலியன் அனுப்பிய படைதான் இந்த ஸ்பானியர்கள். தெற்கத்திய வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளிர் தாங்கவில்லை. கோல்டிங் கோட்டையில் தங்கியிருந்தவர்கள் குளிர்காயப் போட்ட நெருப்பில் கோட்டையே எரிந்துபோனது. ஆகஸ்ட் மாதம், தங்கள் நாட்டையே நெப்போலியன் விழுங்கிவிட்டான் என்று தெரிந்ததும் அவர்களில் பெரும்பாலானோர் பிரிட்டிஷ் கப்பல்களில் ஏறித் தப்பினார்கள். குதிரைகளுக்குக் கப்பலில் இடமில்லை. கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தப் படையோடு வந்த ஓர் அதிகாரியின் பெண்குதிரை ஒன்று கைமாறி, ஃப்ளேபே என்ற கசாப்புக்காரரிடம் வந்து சேர்ந்தது. ஆழ்ந்த செவலை நிறம். பின்பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியதுபோல ஒரு பரப்பு. அதன்மேல் பழுப்புப் புள்ளிகள். பிடரியும் வாலும் வெள்ளை. கசாப்புக்காரர் அதை இறைச்சி வண்டியில் பூட்டினார். ஷேலண்ட் தீவில் ஹோல்பெக் நகருக்குப் பக்கத்தில் உள்ள க்னாப்ஸ்ட்ரூப் பண்ணையின் உரிமையாளர் வில்லார்ஸ் லுன் அதைப் பார்த்து விலைக்கு வாங்கினார். பழைய உரிமையாளரின் பெயரிலேயே அது ‘ஃப்ளேபேஹோப்பன்’ ஆயிற்று. ஹோப்பன் என்றால் டேனிஷ் மொழியில் பெண்குதிரை.

இன்று உலகம் க்னாப்ஸ்ட்ரப்பர் என்று அழைக்கும் புள்ளிக் குதிரை இனம் இந்த ஒரு வண்டிக் குதிரையின் வயிற்றிலிருந்து வந்தது. நான் எழுத வந்தது குதிரையைப் பற்றி என்பதைவிட, அது சுமந்துவந்த புள்ளியைப் பற்றி. அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது, யாரால் வாழ்ந்தது, யாரால் அழியப் பார்த்தது, இன்று இடுப்புயரம்கூட இல்லாத குட்டையான மினியேச்சர் குதிரைகளின் உடம்பில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பற்றி.

புள்ளி ஸ்பெயினில் பிறந்ததல்ல. தெற்குப் பிரான்சில் பெஷ் மெர்ல் குகைச் சுவரில் ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட இரண்டு குதிரைகளின் உடம்பெங்கும் கரும்புள்ளிகள் இருக்கின்றன. அது ஏதோ சடங்குக்காக வரைந்த கற்பனை என்று நெடுநாள் வாதிட்டார்கள். 2011-இல் 31 பழங்காலக் குதிரைகளின் எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் ஆறு குதிரைகள் புள்ளிக்கான மரபணுவைக் கொண்டிருந்தன. குகைவாசி கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருக்கிறான். மனிதன் குதிரையைப் பழக்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்னரே புள்ளி இருந்திருக்கிறது.

க்னாப்ஸ்ட்ரூப்பில் அந்தப் பெண்குதிரைக்கு ஃப்ரெடரிக்ஸ்போர் இனப் பொலிகுதிரை ஒன்றைச் சேர்த்தார்கள். 1562-இல் இரண்டாம் ஃப்ரெடரிக் மன்னர் தொடங்கிய அரச பண்ணையின் இனம் அது. கோபன்ஹேகனில் அமலியன்போர் அரண்மனை முற்றத்தில் நிற்கும் ஐந்தாம் ஃப்ரெடரிக்கின் சிலைக்காக, பிரெஞ்சுச் சிற்பி சாலி மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வரைந்ததும் இந்த இனக் குதிரைகளைத்தான். 1813-இல் பிறந்த ஆண்குட்டிக்கு ‘ஃப்ளேபேஹிங்ஸ்டன்’ என்று பெயர். அதன் தோலில் இருபதுக்கும் மேற்பட்ட வண்ணங்கள் மின்னின என்று சொல்வார்கள். அதன் வாரிசுகளுக்கு ஐரோப்பா முழுக்கக் கிராக்கி.

நம் ஊரிலும் நான்கு காலும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணிக் குதிரைக்குத் தனி மதிப்பு இருந்தது. நிறத்துக்காகக் குதிரை வாங்குவது மனித இயல்பு. ஆனால் நிறத்துக்காக மட்டுமே குதிரையை ஈனவைக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு க்னாப்ஸ்ட்ரூப் பண்ணையே சாட்சி. ஒரே பண்ணை, ஒரே குடும்பத்து ரத்தம். புள்ளி கலையக் கூடாது என்று உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டே போனார்கள். 1870 வாக்கில் இனம் தளர்ந்துவிட்டது. அரச பண்ணையும் 1871-இல் மூடப்பட்டது. புது ரத்தம் வரும் வாசல் அடைபட்டது. 1891-இல் க்னாப்ஸ்ட்ரூப் லாயத்தில் இடி விழுந்து தீப்பிடித்தது. தேர்ந்தெடுத்த குதிரைகள் 22 ஒரே நாளில் கருகின. இடியை யாரும் தடுக்க முடியாது. ஆனால் இனத்தின் சிறந்த விதையை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது மனிதர் எடுத்த முடிவு.

அதன்பின் புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக உழவர்களின் கொட்டிலில் பிழைத்தது. 1971-இல் அமெரிக்காவிலிருந்து அப்பலூசா என்ற புள்ளி இனத்தின் மூன்று பொலிகுதிரைகளை டென்மார்க்குக்குக் கொண்டுவந்து க்னாப்ஸ்ட்ரப்பரோடு சேர்த்தார்கள். அப்பலூசாவின் கதையும் இழப்பின் கதைதான். நெ பெர்சே பழங்குடியினர் வளர்த்த குதிரை அது. 1877-இல் அமெரிக்கப் படையிடம் அவர்கள் தோற்றபோது மந்தைகளையும் இழந்தார்கள். எஞ்சியதைத் திரட்டி 1938-இல்தான் அதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் அழிய இருந்த புள்ளி, ஒன்றோடொன்று சேர்ந்து பிழைத்தது.

இனி புள்ளியின் உள்ளே பார்க்க வேண்டும். விஞ்ஞானிகள் இதை எல்பி மரபணு என்கிறார்கள். டிஆர்பிஎம்1 என்ற மரபணுவின் நடுவே, பழைய வைரஸ் விட்டுச்சென்ற ஒரு துண்டு செருகிக்கொண்டு நிற்கிறது. அதனால் செல்லால் அந்த மரபணுவை முழுதாகப் படிக்க முடிவதில்லை. 2013-இல் இது உறுதியாயிற்று. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தத் துண்டு வந்தால் குட்டிக்குப் புள்ளி கிடைக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் புள்ளி குறைந்து உடம்பு பெரும்பாலும் வெளுத்துவிடும். கூடவே கண்ணில் ஒரு குறை வரும். அதே மரபணுதான் விழித்திரையில் மங்கிய ஒளியின் சேதியைக் கடத்துகிறது. அது இல்லாத குதிரைக்குப் பகலில் எல்லாம் தெரியும். இருட்டினால் ஒன்றும் தெரியாது. பிறவியிலேயே மாலைக்கண்.

சந்தையில் இந்தக் குறைக்குத்தான் அதிக விலை. புள்ளிக் குதிரையைப் புள்ளிக் குதிரையோடு சேர்த்தால் நாலில் ஒரு பங்கு புள்ளியே இல்லாமல் பிறக்க வாய்ப்பு உண்டு. வளர்ப்பவருக்கு அது நட்டம். ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தத் துண்டைப் பெற்ற வெள்ளைப் பொலிகுதிரைக்குப் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் புள்ளி மரபணுவோடுதான் பிறக்கும். ஆகவே அதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். டென்மார்க்கில் டிசம்பர் மாதம் பிற்பகல் மூன்றரை, நாலு மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். பொழுது விடிய எட்டரைக்கு மேலாகும். பிறருக்குப் புள்ளியை வாரி வழங்கும் அந்தக் குதிரை நாளில் பதினேழு மணி நேரம் குருடாக நிற்கிறது. லாயத்தில் விளக்கை அணைக்காமல் வைக்கும் உரிமையாளர்கள் உண்டு. குதிரை மேய்ச்சல் வேலியில் முட்டிக் காயப்பட்ட பிறகே ஏன் என்று கேட்பவர்களும் உண்டு. புள்ளி மரபணு உள்ள குதிரைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் கண் அழற்சி நோய் அதிகம் என்பதும் தெரியவந்திருக்கிறது. அது முற்றினால் பகல் பார்வையும் போய்விடும்.

இந்தப் புள்ளி மட்டக்குதிரைகளிலும், அதனினும் சிறிய மினியேச்சர் குதிரைகளிலும் இருக்கிறது. அமெரிக்க மினியேச்சர் சங்கம் வைத்திருக்கும் உயர வரம்பு 34 அங்குலம். நம் சாப்பாட்டு மேசையைவிடக் கொஞ்சம் உயரம். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1842-க்குப் பிறகு சிறுவர்களின் இடத்தில் வண்டி இழுத்த ஷெட்லண்ட் மட்டக்குதிரைகளும், அர்ஜென்டினாவின் ஃபாலபெல்லாவும் இவற்றின் முன்னோர். நிறத்துக்காக ஒரு தேர்வு, குள்ளத்துக்காக இன்னொரு தேர்வு. இரண்டும் ஒரே உடம்பில் கூடும்போது விலையும் இரண்டு.

ஈனும் இரவைப் பார்த்தால்தான் இந்த விலை விளங்கும். குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். பதினோரு மாதம் சுமந்த குட்டி, பனிக்குடம் உடைந்த பிறகு அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்தாக வேண்டும். முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் மூக்கும் வந்தால் நல்லது. ஆனால் மினியேச்சர் குட்டியின் நெற்றி மேடிட்டது; கால்கள் உடம்புக்கு நீளம்; தாயின் இடுப்பெலும்போ குறுகல். ஒரு முழங்கால் மடங்கியிருந்தாலும், தலை பின்னால் திரும்பியிருந்தாலும் உள்ளே கைவிட்டுச் சரிசெய்ய வேண்டும். பெரிய குதிரையில் மருத்துவரின் கை தோள்வரை போகும். இதில் ஆணின் கை நுழைவதே பாடு. அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் நேரத்துக்குள் கிடைத்தால். வெள்ளைச் சவ்வு வரவேண்டிய இடத்தில் சிவந்த பட்டுபோல ஒன்று முதலில் வந்தால், இளங்கொடி முன்னமே பிரிந்துவிட்டது என்று பொருள். உள்ளே குட்டிக்கு மூச்சில்லை. அந்த நொடியே கத்தரியால் கிழித்துக் குட்டியை இழுக்க வேண்டும். மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும் நேரம்கூட இல்லை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் சினைக் காலத்தின் கடைசி வாரங்களில் லாயத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள்.

தாய்க்கும் ஆபத்து உண்டு. சினையாயிருக்கும் குட்டைக் குதிரை பயத்தாலோ பயணத்தாலோ இரண்டு நாள் தீனி எடுக்காவிட்டால், உடம்பின் கொழுப்பு ரத்தத்தில் வெள்ளமாக இறங்கிவிடும். ஊசியில் எடுத்த ரத்தம் குழாயில் தெளியும்போது மேலே பால்போல் வெளுத்திருக்கும். ஈரல் கெட்டுத் தாய் சாகும், குட்டியும் போகும்.

இவற்றினும் கொடியது குள்ளநோய். குருத்தெலும்பு வளரத் தேவையான ஏகேன் மரபணுவில் ஏற்படும் பிழைகளால் வருவது. தாயும் தந்தையும் பார்க்கக் குறையில்லாதவர்கள். ஆளுக்கொரு பழுதான பிரதியை மறைவில் சுமப்பவர்கள். அந்த இருவரையும் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு வளைந்த கால், ஒடுங்கிய மூக்கு, ஒன்றோடொன்று பொருந்தாத பற்கள். சில சேர்க்கைகளில் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். ‘சினை நிற்கவில்லை’ என்று வளர்ப்பவர் நினைத்துக்கொள்வார். பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே நல்ல பெண்குதிரையை நல்ல பொலிகுதிரையோடு சேர்த்தாலும் கால் கோணிய சிறு குட்டிதான் பிறக்கிறது என்று எழுதியிருக்கிறார். அங்கே குறை பெரும்பாலும் தீனியிலும் பராமரிப்பிலும் இருந்திருக்கலாம். இன்றைய குள்ளக் குட்டியின் குறை அப்படியல்ல. சிறியதிலும் சிறியதைத் தேடி, தொடக்க காலத்தில் குள்ளநோய் உள்ள பொலிகுதிரைகளையே இனவிருத்திக்கு வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் விதைத்ததை இன்றைய குட்டிகள் அறுவடை செய்கின்றன.

குதிரை வளர்ப்பவர்களை நான் பழிக்கவில்லை. விடியவிடியக் காத்திருந்து, செத்துப் பிறந்த குட்டியைத் தாய் நக்கி எழுப்பப் பார்ப்பதைக் கண்டு அழுகிறவர்களும் அவர்கள்தான். ஆனால் அழுவது போதாது. இடி விழுவதை 1891-இல் யாரும் முன்னறிய முடியவில்லை. இன்று மாலைக்கண்ணையும் குள்ளநோயையும் சேர்க்கைக்கு முன்பே அறிய முடியும். தெரிந்தும் சேர்ப்பது குற்றம் என்றே நான் சொல்வேன். புள்ளி வேண்டுமென்றால் புள்ளிக் குதிரையைப் புள்ளியில்லாத நல்ல குதிரையோடு சேர்க்கலாம். பாதிக் குட்டிகளுக்குப் புள்ளி வராது. ஒன்றுக்கும் மாலைக்கண் வராது. அந்தப் பாதி நட்டத்தைத் தாங்க முடியாதவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

டென்மார்க்கின் ஜட்லண்ட் பகுதியில் ஹெர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ போன்ற ஊர்களில் 1980-களிலிருந்து ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே வளரும் பிள்ளைகளுக்கு மட்டக்குதிரை ஆசை வருவது இயல்பு. வாங்கப் போகும் பெற்றோரே, நிறத்தையும் உயரத்தையும் கேட்பதற்கு முன், தாய் தந்தை இரண்டின் ஏகேன் பரிசோதனை முடிவையும் எல்பி முடிவையும் கேளுங்கள். பரிசோதனைக்கு வேண்டியது வேரோடு பிடுங்கிய சில பிடரி மயிர்கள்தான். அந்தத் தாளைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள்.