தாம்பரத்தில் கிளம்பிய விமானம் 3,400 மீட்டர் ஆழத்தில்: மேலே எடுக்கலாமா, விட்டு விடலாமா?

தாம்பரம் விமானப்படை தளத்தில் இருந்து 2016-ம் ஆண்டு ஜூலை 22-ந்தேதி காலை 8.30 மணிக்கு ஏ.என்.-32 ரக விமானம் ஒன்று அந்தமானில் உள்ள போர்ட்பிளேருக்கு கிளம்பியது. உள்ளே 29 பேர். 11.45 மணிக்கு போய் இறங்கி இருக்க வேண்டும். ஆனால் 9.12 மணிக்கே ரேடாரில் இருந்து மறைந்து விட்டது.

அதில் போனவர்கள் எல்லோரும் அதிகாரிகள் அல்ல. முப்படை வீரர்கள், கடலோர காவல் படை வீரர் ஆகியோருடன் விசாகப்பட்டினம் கடற்படை ஆயுத கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன் ஊழியர்கள் 8 பேரும் இருந்தனர். வேலைக்கு போனவர்கள் வீடு திரும்பவில்லை.

கப்பல், விமானம், நீர்மூழ்கி என்று வங்கக்கடலை சல்லடை போட்டு தேடியும் பலன் இல்லை. தண்ணீருக்கு அடியில் கிடந்தாலும் ‘பீப்’ ஒலி அனுப்பும் கருவி அந்த விமானத்தில் இல்லாதது பெரிய குறை. செப்டம்பர் மாதம் 29 பேரும் இறந்திருக்கலாம் என்று முடிவு செய்து குடும்பத்தாருக்கு தெரிவிக்கப்பட்டது.

பள்ளிக்கரணை கண்டுபிடித்தது

ஏழரை வருடம் கழித்து துப்பு கிடைத்தது. அதுவும் நம்ம பக்கத்தில் இருந்தே. வேளச்சேரி-தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா தானியங்கி நீர்மூழ்கி, கடலடியில் விமான பாகங்களை படம் பிடித்தது. 2024 ஜனவரி 12-ந்தேதி இது அறிவிக்கப்பட்டது. ஆழம் 3,400 மீட்டர். சென்னை கடற்கரையில் இருந்து சுமார் 310 கி.மீ. தூரம் என்று தெரிவிக்கப்பட்டது. ஏறக்குறைய சென்னையில் இருந்து திருச்சி போகிற தூரம்.

அந்த பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாக பதிவே இல்லை. எனவே இது அந்த விமானம்தான் என்ற முடிவுக்கு வந்தனர்.

தூக்குவது லேசா?

“இடம் தெரிஞ்சு போச்சு, தூக்கிட வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். அவ்வளவு சுலபம் இல்லை. ஊட்டி தொட்டபெட்டா சிகரத்தையே அங்கே இறக்கினாலும், அதற்கு மேல் இன்னும் 700 மீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். கட்டை விரல் நகம் அளவு இடத்தில் 340 கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஒரே இருட்டு, கடுங்குளிர்.

தானியங்கி நீர்மூழ்கி படம்தான் எடுக்கும். பொருளை எடுக்க கப்பலில் இருந்து கேபிள் மூலம் இயக்கும், இரும்புக்கை உள்ள ரோபோ வேண்டும். 6,000 மீட்டர் வரை போகிற மாதிரி ‘ரோசப்-6000’ என்ற ரோபோவை இதே பள்ளிக்கரணை நிறுவனம் உருவாக்கி உள்ளது.

எடுத்த இடங்களில் என்ன நடந்தது?

2015 ஜூன் 8-ந்தேதி சென்னையில் இருந்து ரோந்து சென்ற கடலோர காவல் படையின் டோர்னியர் விமானம் 3 பேருடன் கடலில் விழுந்தது. அடுத்த மாதமே கடலூர் அருகே சுமார் 950 மீட்டர் ஆழத்தில் இருந்து கருப்பு பெட்டி எடுக்கப்பட்டது. எலும்புகளும் கிடைத்தன. 1985-ல் 329 பேருடன் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் இந்தியா ‘கனிஷ்கா’ விமானத்தின் கருப்பு பெட்டிகள் சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் இருந்து எடுக்கப்பட்டன.

2009-ல் 228 பேருடன் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானம் சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. நம்ம விமானம் கிடப்பதை விட ஆழம். 2 வருடம் கழித்து 2011-ல் கருப்பு பெட்டிகளை எடுத்தனர். வேகம் காட்டும் கருவியின் குழாயில் பனிக்கட்டி அடைத்ததும், அதன் பிறகு விமானிகள் தடுமாறியதும் அதில் தெரிந்தது. உலகம் முழுக்க விமானிகளுக்கு பயிற்சி முறை மாறியது. உடல்கள் பல மேலே வந்தன. ஆனால் 74 பேர் உடல் கிடைக்கவே இல்லை.

பழைய போர் விமானங்களை எடுப்பதும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் 2-ம் உலகப்போர் பயிற்சியின்போது விழுந்த விமானங்களை தூக்கி மியூசியங்களில் வைத்துள்ளனர். அது குளிர்ந்த நல்ல தண்ணீர். உப்பு தண்ணீர் அப்படி அல்ல. இங்கிலாந்தில் 2013-ல் கடலில் இருந்து எடுத்த ஜெர்மன் போர் விமானத்தின் மேல், அரிப்பை நிறுத்த சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை மாதக்கணக்கில் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டி வந்தது.

விட்டு விடுவோம் என்பவர்கள்

“செத்தவங்களை நிம்மதியா தூங்க விடுங்க” என்று சொல்பவர்களும் உண்டு. பேர்ல் ஹார்பரில் 1941-ல் மூழ்கிய ‘அரிசோனா’ போர்க்கப்பலுக்குள் 900-க்கும் மேற்பட்ட வீரர்களின் உடல்கள் இருக்கின்றன. அதை தூக்கவில்லை. அதன் மேலேயே நினைவிடம் கட்டி விட்டனர்.

ஆனால் அங்கே கப்பல் ஏன் மூழ்கியது என்று உலகத்துக்கே தெரியும். தாம்பரம் விமானம் ஏன் விழுந்தது என்பதற்கான சாட்சி கடலுக்கு அடியில்தான் கிடக்கிறது. 2019 ஜூன் 3-ந்தேதி இதே ஏ.என்.-32 ரகத்தில் இன்னொரு விமானம் அருணாசல பிரதேச மலையில் மோதி 13 பேர் பலியானார்கள். காரணம் தெரிந்தால், நாளைக்கு அந்த ரக விமானத்தில் ஏறுகிறவர்களுக்கும் அது பாதுகாப்பு.

முழு விமானத்தையும் மேலே கொண்டு வந்து மியூசியத்தில் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. கருப்பு பெட்டி, அடையாளம் காட்டும் பொருட்கள், முடிந்தால் எலும்புகள் - இவை போதும். மற்றதை கடலிலேயே விட்டு விடலாம். எலும்பை எடுப்பதா வேண்டாமா என்பதை மட்டும் அந்த 29 குடும்பங்களை கேட்டு முடிவு செய்வதே முறை. ஈமச்சடங்கு செய்ய ஒரு பிடி சாம்பல் கூட கிடைக்காதவர்கள் அவர்கள்தான்.