சபை கூடாத நாளில் ஒரு நியமனம்



அமெரிக்க ஜனாதிபதி தான் விரும்பியவரை விரும்பிய பதவியில் அமர்த்தலாம் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அமைச்சர், தூதுவர், நீதியரசர் போன்ற பதவிகளுக்கு அவர் பெயரைப் பிரேரிக்கத்தான் முடியும். செனட் சபை சம்மதித்தால்தான் நியமனம் நடக்கும்.

1787 இல் யாப்பை எழுதியவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. அக்காலத்தில் செனட் மாதக்கணக்கில் கூடாமல் இருக்கும். உறுப்பினர்கள் குதிரையிலும் வண்டியிலும் தூரத்து ஊர்களுக்குத் திரும்பியிருப்பார்கள். அந்நேரம் ஒரு பதவி வெற்றிடமானால் அரச வேலை நின்றுவிடுமே! ஆகவே செனட் ஓய்வில் இருக்கும்போது ஜனாதிபதி தனித்து நியமிக்கலாம் என்றார்கள். ஆனால் அந்த நியமனம் செனட்டின் அடுத்த கூட்டத்தொடர் முடியும்வரைதான் செல்லுபடியாகும்.

1795 இல் ஜோர்ஜ் வொஷிங்டன், ஜோன் ரட்லெஜைப் பிரதம நீதியரசராக்கியது இந்த வழியில்தான். டிசம்பரில் செனட் 14க்கு 10 என்ற வாக்குகளால் அவரை நிராகரித்தது. முதல் ஜனாதிபதியின் தெரிவு என்பதற்காகக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு தந்திரங்கள் நுழைந்தன. 1903 டிசம்பர் 7ஆம் திகதி செனட்டின் விசேட கூட்டத்தொடர் முடிந்த அதே கணத்தில் வழமையான தொடர் ஆரம்பித்தது. அந்தக் கண இடைவெளியையே ஓய்வு எனக் கொண்டு தியடோர் ரூஸ்வெல்ட் 160க்கும் மேற்பட்டோரை நியமித்தார். அவர்களில் பெரும்பாலானோர் இராணுவ அதிகாரிகள். ஓய்வு உண்மையானதாக இருக்க வேண்டும், கற்பனையாக இருக்கக்கூடாது என 1905 இல் செனட்டின் நீதித்துறைக் குழு கண்டித்தது.

செனட்டும் தந்திரத்தில் பின்நிற்கவில்லை. 2007 இன் இறுதியில் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை, ஜோர்ஜ் புஷ்ஷின் நியமனங்களைத் தடுப்பதற்காக மூன்று நாட்களுக்கு ஒருமுறை பெயருக்குச் சபையைக் கூட்டிக் கலைத்தது. அதே வழக்கம் பின்னர் அதே கட்சியின் பராக் ஒபாமாவுக்குத் தடையானது. 2012 ஜனவரி 4ஆம் திகதி, இத்தகைய இரு அமர்வுகளுக்கு இடையில், தேசிய தொழில் உறவுகள் சபைக்கு அவர் மூவரை நியமித்தார். மென்பான நிறுவனம் ஒன்று வழக்குத் தொடர்ந்தது. 2014 இல் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து அந்த நியமனங்கள் செல்லாது என்றனர். ஒபாமா நியமித்த இருவரும் அந்த ஒன்பது பேரில் அடக்கம். தொழிலாளர் பிணக்குகளில் அந்தச் சபை வழங்கிய பல தீர்ப்புகளும் கேள்விக்குள்ளாயின. அவதிப்பட்டவர்கள் சாதாரண மக்கள்தான்.

அவசரத்துக்கென வைத்த வாசலை வழமையான பாதையாக்கினால் என்ன நடக்கும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. நமது சங்கங்களிலும் பொதுக்கூட்டம் வரும்வரை தற்காலிகமாக ஆள் போடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயரைச் சபையின் முன் வைக்கிறோமா என்பதை நாம் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.